மது விற்ற இரண்டு சர்க்கார்கள்

சீமை சென்று திரும்பும் நம் கனவான்களிடம் ஒரு கதை தவறாமல் இருக்கும். பழமையான ஓர் ஊர். கல் பாவிய தெரு. தெருக்கோடியில், இத்தனை நூற்றாண்டுகளாக இங்கே இருக்கிறது என்று பலகை தொங்கும் மதுவிடுதி. உள்ளே தாழ்ந்த உத்தரம், கணப்படுப்பு, தேய்ந்த மரமேசை, மெல்லிய பேச்சு, கையில் ஒரு கோப்பை. "அதுவல்லவா நாகரிகம்! அங்கேயும் குடிக்கிறார்கள், ஆனால் நம் ஊர் போலவா? நம்மவர்களுக்குக் குடிக்கத் தெரியவில்லை. குற்றம் மதுவில் இல்லை, மனிதனிடம்!" என்று கதையை முடிப்பார்கள்.

கேட்பதற்கு இனிய கதை. கடை நடத்தும் சர்க்காருக்கோ கற்கண்டு! குற்றம் குடிப்பவனுடையது என்று தீர்ப்பு எழுதிவிட்டால், விற்பவர் கூண்டில் ஏற வேண்டியதில்லை அல்லவா?

அந்தக் கதையை நாம் மறுக்கவில்லை. பாதியில் நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் நமது குற்றச்சாட்டு. மீதியையும் சொல்வோம். அதற்காக நாமும் ஒரு பழைய ஆங்கில நகரத்து மதுவிடுதிக்குள் நுழைந்து பார்ப்போம், வாருங்கள். குடிக்க அல்ல, கற்க!

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிக் கார்லைல் என்றொரு நகரம். ரோமானியப் பேரரசன் ஹாட்ரியன் எழுப்பிய நெடுஞ்சுவர் அவ்வழியே ஓடியது. 1092-இல் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. ஸ்காட்லாந்து அரசி மேரியை 1568-இல் அங்கேதான் காவலில் வைத்தார்கள். அந்த நகரில் ஆப்பிள் ட்ரீ என்றும், கம்பர்லாண்டு இன் என்றும் பெயர் சூட்டிய விடுதிகள், ஹாரி ரெட்பெர்ன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த அழகிய விடுதிகள், 1920-களிலும் 1930-களிலும் எழுந்தன. விசாலமான கூடம், உட்கார நாற்காலி, உண்ண உணவு, சிலவற்றின் பின்புறத்தில் பந்து உருட்டி விளையாடப் பசும்புல் திடல். கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் அவற்றைப் பற்றிப் படிக்கிறார்கள்.

அவற்றைக் கட்டியவர் யார்? சாராய முதலாளியா? இல்லை. பிரிட்டிஷ் சர்க்கார்! ஆம் தோழர்களே, 1916 முதல் 1973 வரை கார்லைல் வட்டாரத்தில் பீர் வடித்ததும் சர்க்கார், விற்றதும் சர்க்கார், விடுதி நடத்தியதும் சர்க்கார்.

"அப்படியானால் நம் டாஸ்மாக்குக்கு அது அண்ணன் அல்லவா?" என்று கேட்பீர்கள். அதைத்தான் ஆராய வேண்டும். இருவரும் விற்றவர்கள்தாம். எதற்காக விற்றார்கள் என்பதில் இருக்கிறது வேறுபாடு.

1914-இல் உலகப் போர் மூண்டது. பீரங்கிகளுக்குக் குண்டு போதவில்லை. கார்லைலுக்கு அருகே, கிரெட்னா என்ற இடத்தில், கார்டைட் என்னும் வெடிமருந்து செய்ய மைல் கணக்கில் நீண்ட தொழிற்சாலை ஒன்றை 1915-இல் கட்டத் தொடங்கினார்கள். கட்டுவதற்கு ஆயிரமாயிரம் கூலியாட்கள் வந்து குவிந்தார்கள். பிறகு மருந்து செய்ய ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பெண்கள் வந்தார்கள். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வெறுங்கையால் பிசைந்தார்கள் அந்தப் பெண்கள். அதைப் பார்த்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில், 'சாத்தானின் கஞ்சி' என்று அந்தக் கலவைக்குப் பெயர் வைத்தார்.

கூலி கையில் விழுந்ததும் கட்டட வேலையாட்கள் ரயிலேறிக் கார்லைலுக்குப் போனார்கள்; அங்கிருந்த விடுதிகளில் நிறையக் குடித்தார்கள்; தெருவில் விழுந்தார்கள். கவனியுங்கள், "குடிக்கத் தெரிந்த" அதே இனத்து மக்கள்தாம்! ஊரை விட்டு, குடும்பத்தை விட்டு, ஆபத்தான வேலைக்கு வந்து, கையில் காசும் மனத்தில் களைப்புமாக நிற்கும் மனிதன் எந்த நாட்டிலும் அப்படித்தான் குடிப்பான்.

அப்போது பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது? "வெள்ளைக்காரனுக்குக் குடிக்கத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிற்றா? போகவில்லை. ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும்விடக் கொடிய பகை குடிதான் என்று 1915-இல் மேடையில் முழங்கினார் அமைச்சர் லாயிட் ஜார்ஜ். போர் முடியும் வரை தம் அரண்மனையில் மது இல்லை என்று அறிவித்தார் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். 1916-இல் கார்லைல் வட்டாரத்து விடுதிகளையும் வடிசாலைகளையும் தனியார் கையிலிருந்து அரசே எடுத்துக்கொண்டது.

எடுத்ததும் செய்த காரியங்களைக் கேளுங்கள். விடுதிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. பலவற்றை அடியோடு மூடியது. மது விளம்பரங்களை அகற்றியது. ஒருவன் மற்றவனுக்கு வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தைத் தடை செய்தது. ஏனெனில் நான்கு பேர் சேர்ந்தால் நான்கு சுற்று என்பது குடிகாரக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை விற்பனையை நிறுத்தியது. கூலி கைக்கு வரும் நாள் சனிக்கிழமை என்பதை அறிந்து, சனிக்கிழமைகளில் கடுஞ்சாராய வகைகளை விற்கக் கூடாது என்று 1917-இல் ஆணையிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, விடுதி மேலாளருக்கு நிலையான சம்பளம் கொடுத்தது. எத்தனை பீப்பாய் மது விற்றாலும் அவருக்கு ஒரு காசு அதிகம் கிடையாது. உணவு விற்றால்தான் கூடுதல் வருவாய். குடிகாரனை இன்னொரு கோப்பை குடிக்க வைப்பதால் எவனுக்கும் இலாபம் இல்லை என்ற நிலையை உண்டாக்கியது. போதைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றோர் தொகை அந்நகரில் பெரிதும் குறைந்தது.

இது ஏழையின் மேல் பிறந்த இரக்கமா? ஏமாறாதீர்கள். குண்டு வேண்டும், குண்டு செய்யக் கை நடுங்காத தொழிலாளி வேண்டும். அவ்வளவுதான். கார்லைல் சொர்க்கமாகிவிடவும் இல்லை. அந்த விடுதிகளில் அரசுக்கு இலாபம் வராமலும் இல்லை. ஆனால் ஒன்று நிலைநாட்டப்பட்டது. சர்க்கார் மனம் வைத்தால், மது விற்கும் கையாலேயே மதுவைக் குறைக்க முடியும்!

அதே ஆண்டுகளில், அதே மகுடத்தின் கீழ், சென்னை மாகாணத்தில் நடந்தது என்ன? கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஏலம் போயின. 1886-ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம் வைத்துக்கொண்டு, எவன் அதிகம் கேட்கிறானோ அவனுக்குக் கடை. அதிகம் கொடுத்து எடுத்தவன் அதிகம் விற்றால்தானே பிழைப்பான்? மாகாண வருவாயில் பெரும்பங்கு குடியிலிருந்து வந்தது. கார்லைல் தொழிலாளியின் குடல் காக்கப்பட வேண்டிய குடல். காவிரிக் கரை உழவனின் குடல் கஜானாவுக்கு வழி! மன்னர் தம் அரண்மனையில் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். மன்னரின் கலெக்டர் இங்கே கள்ளுக்கடையை ஏலம் விட்டார்.

அந்தக் கொடுமையை எதிர்த்துத்தான் இந்த மண் பொங்கியது. பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றார்கள். 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராசாசி மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். 1948-இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்ந்தது. சில ஆண்டுகளில் மீண்டும் இறுகியது. 1981-இல் மீண்டும் கடை திறந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. யார் ஆட்சியில் திறந்தது, யார் ஆட்சியில் பெருகியது என்று பழியைப் பங்கு போட இன்று நேரமில்லை. வேறொன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். குடி வருவாய்க்கு ஈடாக வந்த விற்பனை வரி போகவில்லை. வேறு பெயரில், வேறு வடிவில், வளர்ந்தே நிற்கிறது. ஈடும் வேண்டும், இழந்ததும் வேண்டும் என்கிறது கஜானா!

இனி, கிரெட்னாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு விருதுநகர் மாவட்டத்துக்கு வாருங்கள். நமக்கும் ஒரு வெடிமருந்து நாடு உண்டு. மழை பொய்த்த கரிசல் பூமியில், கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று 1923-இல் திரும்பிய இரு இளைஞர்கள், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், ஊன்றிய வித்து அது. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, எம். புதுப்பட்டி என்று எங்கு திரும்பினும் தனித்தனிச் சிறு அறைகள், அறைக்குள் மருந்து, மருந்துக்கு நடுவே மனிதர்கள். இங்கும் பெண்கள்தாம் பெருந்தொகை. திரி வைப்பவள் பெண். சரம் பின்னுபவள் பெண். மருந்து கலக்கும் அறையில் ஒரு உரசல், ஒரு சிந்தல் போதும். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் பதின்மூன்று உயிர்கள் கருகின, பெரும்பாலோர் பெண்கள். நாட்டைக் காக்கும் குண்டல்ல இங்கே செய்வது; ஊரார் வீட்டுத் தீபாவளி!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வெடிவிபத்துகளுக்குத் தொழிலாளியின் குடி காரணம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அறைக்கு அளவான ஆளை மீறி அடைப்பதும், உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவதும், ஆய்வு செய்ய வேண்டியவர் கண்ணை மூடுவதும் காரணம். குடியைக் காட்டி முதலாளி தப்புவதற்கு இந்தக் கட்டுரை துணை போகாது.

நாம் கேட்பது வேறு. பகல் முழுதும் மருந்தோடு மல்லாடியவன் சனிக்கிழமை மாலை கூலியோடு வெளியே வருகிறான். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின்னர், வேலையில்லாத வாரங்களும் உண்டு அவனுக்கு. ஆகவே அந்தக் கூலி முந்தைய வாரத்துக் கடனுக்கும் சேர்த்து வந்த கூலி. அவனை முதலில் எதிர்கொள்வது எது? நூல் நிலையமா, மருத்துவமனையா, கூட்டுறவுப் பண்டகசாலையா? கம்பி வலைக்குப் பின்னால் ஒரு சன்னல். சன்னலுக்கு மேலே சர்க்காரின் பெயர்.

'பப்' என்று ஆங்கிலேயன் சுருக்கிச் சொல்லும் சொல்லின் விரிவு 'பொது இல்லம்' என்பதாகும். இல்லம்! உட்கார இடமும் உண்ண உணவும் பேசத் துணையும் இருக்கும் இடம் என்று பொருள். நமது கடையில் இல்லமும் இல்லை, பொதுவும் இல்லை. கம்பிக்குள் கையை நீட்டு, காசைக் கொடு, புட்டியை வாங்கு, போ! பக்கத்துக் கொட்டகையில் நின்றுகொண்டு ஊற்று. அல்லது கண்மாய்க் கரைக்குப் போ. பேச்சுக்கு இடமில்லாமல், சோற்றுக்கு இடமில்லாமல், போதைக்கு மட்டும் இடம் வைத்துக் கட்டிய ஏற்பாடு இது. கற்பாவிய தெருவையும் கணப்படுப்பையும் காட்டி இந்தக் கம்பிச் சன்னலுக்கு நியாயம் தேடும் கனவான்களே, ஒருமுறை அந்த வரிசையில் நின்று பார்த்துவிட்டு நாகரிகம் பேசுங்கள்!

கார்லைலில் அரசு எடுத்தது குறைக்க. இங்கே அரசு எடுத்தது பெருக்க. சான்று வேண்டுமா? 2003-04-இல் அரசுக்குக் கிடைத்த மது வருவாய் சுமார் 3,600 கோடி ரூபாய். 2024-25-இல் அது 48,000 கோடியைத் தாண்டியது. கார்லைல் மேலாளருக்கு நிலையான சம்பளம். நமது கடை ஊழியருக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொகுப்பூதியம். கார்லைலில் சனிக்கிழமைக்குக் கட்டுப்பாடு. நமக்குச் சனிக்கிழமைதான் திருவிழா. சிவகாசித் தொழிலாளி செய்த வெடி வானில் சிதறும் தீபாவளி நாளில், எத்தனை நூறு கோடிக்கு மது விற்றது என்று மறுநாள் ஏடுகள் எழுதுகின்றன. இத்தனையும் எந்தத் துறையின் கீழ் நடக்கிறது தெரியுமா? மதுவிலக்குத் துறை! எந்தச் சட்டத்தின் கீழ்? 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்! கோழிக்குக் காவலாகக் குள்ளநரியை வைத்தது மட்டுமல்ல. நரிக்குக் கோழி என்றே பெயரும் வைத்திருக்கிறோம்.

நமது சர்க்கார் கார்லைலின் வாரிசு அல்ல, தோழர்களே. அப்காரியின் வாரிசு.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்" என்பர் சிலர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயம் குடித்து மாண்டார்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போது கடைகள் மூடியா கிடந்தன? திறந்துதான் இருந்தன! கடைச் சரக்கை வாங்க வக்கற்ற ஏழை, மலிவு என்பதால் மெத்தனாலை விழுங்கினான். கடை இருந்தும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை என்றால், கள்ளச்சாராயத்தைக் காட்டிக் கடையைக் காப்பது எந்த நியாயம்? காவல்துறை செய்ய வேண்டிய வேலையைக் கடையா செய்யும்?

"வருவாய் போனால் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு எப்படிப் போடுவது?" என்பர் வேறு சிலர். எத்தனை கூர்மையான கேள்வி! தகப்பன் குடித்த காசில் பிள்ளைக்குச் சோறு. ஆனால் தகப்பன் குடிக்காதிருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சோறு வீட்டிலேயே இருந்திருக்குமே? தாயின் பையிலிருந்து ஒரு கையால் எடுத்து மறு கையால் திருப்பித் தருவதற்கு நலத்திட்டம் என்று பெயர் வைக்கலாகாது. நாளை காலையே நாற்பத்தெட்டாயிரம் கோடியும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பத்தாண்டில் படிப்படியாக எப்படிக் குறைப்பீர்கள், ஒவ்வோராண்டும் எவ்வளவு குறைப்பீர்கள், அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் வையுங்கள் என்கிறோம். பெருக்கும் கணக்கு ஆண்டுதோறும் வருகிறது. குறைக்கும் கணக்கு ஒருமுறையாவது வரட்டுமே!

இன்னும் கேட்போம். கூலி நாளாகிய சனிக்கிழமை மாலையிலும் ஞாயிறு முழுதும் தொழிலாளர் வட்டாரத்துக் கடைகள் மூடியிருக்கட்டும். ஆலைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வழியில் கடை வேண்டாம். கிராமசபை வேண்டாம் என்றால் அந்தக் கடை அந்த ஊரில் வேண்டாம். ஊழியருக்கு நிலையான ஊதியம் கொடுங்கள். கடை குறையக் குறைய வேறு துறைகளில் பணி கொடுங்கள். அவர்கள் நம் எதிரிகள் அல்லர். வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் குடிநோயாளிக்குப் படுக்கையும் மருத்துவரும் வையுங்கள். போர்க்காலத்து பிரிட்டிஷ் சர்க்கார் குண்டுக்காகச் செய்ததை, மக்களாட்சி மனிதனுக்காகச் செய்யக் கூடாதா?

சர்க்காரைக் கேட்டுவிட்டோம். நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே. கடைக்குப் பக்கத்தில் 'பார்' நடத்தும் உரிமம் எடுத்தோர் பட்டியலில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. மேடையில் மதுவை எதிர்த்துப் பேசும் கரைவேட்டி, டெண்டர் நாளில் அலுவலக வாசலில் நின்றால் அந்தப் பேச்சை எந்தத் தாய் நம்புவாள்? மாநாட்டுக்கு ஆள் திரட்டும்போது வண்டிக்குள் புட்டி ஏறினால், அது இயக்கமா, ஏலமா? இதை எழுதினால் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும். மருந்து கசக்கத்தான் செய்யும்.

முன்பு ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்தோம். ஓலைக் கொட்டகை, ஒரு பலகை, நான்கு நாளேடுகள். மாலையில் ஒருவர் உரக்கப் படிப்பார், எழுத்தறியாத பத்துப் பேர் கேட்பார்கள், வாதம் வளரும், இரவு வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஓர் அரசியல் கட்சியாகப் போவார்கள். அதுதான் நமது பொது இல்லம்! ஆங்கிலேயனின் பழைய விடுதியில் போற்றத்தக்கது கோப்பை அல்ல. கோப்பையைச் சுற்றி நடந்த பேச்சு. அந்தப் பேச்சு நம்மிடம் தேநீரிலேயே நடந்தது. இன்று பல ஊர்களில் படிப்பகத்துக்குப் பூட்டு. பக்கத்துத் தெருவில் பாருக்கு விளக்கு. பூட்டைத் திறக்க அரசாணை தேவையா? உங்கள் சாவி போதும்.

இறுதியாக ஒருவரை நினைவூட்ட வேண்டும். நமது விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று ஒரு மனிதர் உண்ணாநோன்பு தொடங்கினார். அக்டோபர் 13 அன்று உயிர் துறந்தார். தியாகி சங்கரலிங்கனார். இந்த நிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடு என்பது அவருடைய கோரிக்கை. அதை நாம் அறிவோம். அவர் எழுதி வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. இந்தியா முழுவதும் மதுவிலக்கு வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று, அதை மறந்தோம்.

பெயர் கிடைத்தது. 1967-இல் தீர்மானம், 1969-இல் நடைமுறை. மகிழ்ந்தோம். இன்று அந்தப் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்' என்னும் டாஸ்மாக்கின் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது! பெயரும் வேண்டும், மது ஒழியவும் வேண்டும் என்று சோறு துறந்தார் அவர். அவர் கேட்ட முதலாவதை எடுத்து, அவர் கேட்ட இரண்டாவதை விற்கும் கடைக்குப் பலகை எழுதிவிட்டோம்.

அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிவோர் நம்மில் எத்தனை பேர்? குனிந்தது போதும். பலகை ஒவ்வொன்றாக இறங்கும் நாள் வரை நிமிர்ந்து நின்று கேட்போம். முதல் கேள்வி இந்தச் சனிக்கிழமை மாலை, உங்கள் ஊர்க் கூலிக்காரன் வரும் வழியில் தொடங்கட்டும்!